கல்கத்தா குவியல்

இந்த வருடம் பொங்கல் கழிந்ததிலிருந்தே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கல்கத்தா குவியல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மும்பைக் குவியல் குறைந்தது. ஹைதராபாத் மெலிந்தது. நொய்டா... ஏறக்குறைய காணவே இல்லை. கல்கத்தா மட்டும் மலை மாதிரி!

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எதன் குவியல், எதற்குச் சந்தோஷம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். க்யூ.ஆர். கோடு காலத்தில் நாணயத்துக்கு எங்கே போவது என்காதீர்கள். சாமி அலமாரியில் கட்டாயம் ஒன்று கிடக்கும்.

வருடம் போட்டிருக்கிறதா? அதற்கு நேர் கீழே பாருங்கள். மிகச் சின்னதாக ஒரு டைமண்ட் தெரிந்தால் அது பிறந்த ஊர் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வெறும் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் — கல்கத்தா. நம் நாட்டில் நான்கு ஊர்களில் நாணயம் அடிக்கிறார்கள். மூன்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். கல்கத்தாக்காரர்கள் போடுவதில்லை.

இதோடு முடிந்துவிடாது. ஒரே ஊர், ஒரே வருடம் — ஆனால் ஒன்றில் டைமண்ட் சற்றுப் பெரிதாக இருக்கும், இன்னொன்றில் கடுகளவு. பத்து ரூபாயில் எண்ணுக்கு மேலே விரிகிற கதிர்கள் பத்தா, பதினைந்தா? ஐந்து ரூபாயின் ஓரம் எப்படி? கொஞ்சம் பழகிவிட்டால் விடவே முடியாது. சில்லறை தருகிற கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் அவர் தந்த சில்லறையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அப்படித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்று, அடி வாங்காமல் தப்பித்திருக்கிறேன்.

(யூடியூபில் 'இந்த நாணயம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று வருவதை நம்பிவிடாதீர்கள். எங்களிடம் இருப்பவற்றின் விலை, அவற்றின் முகத்திலேயே எழுதியிருக்கிற விலைதான்.)

எங்களிடம் என்றேனே... இந்தக் கிறுக்கில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என் அக்கா பேச்சியின் கணவர், இசக்கிமுத்து அத்தான்.

அவர்கள் வீடு இங்கே மும்பையில், தாராவியில். அக்கா இட்லி அவித்துக் காலையில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் விற்கிறாள். அத்தான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். சொந்த வேன். காலையில் செம்பூரில் பிள்ளைகளை ஏற்றி மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்குவார். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நான் இருப்பது செம்பூரில்.

ஆரம்பம் ஒரு சண்டை. அக்கா கொடுத்த பத்து ரூபாய் நாணயத்தை ஒரு ஆள் "நக்லி ஹை" என்று அவள் தட்டிலேயே திரும்பப் போட்டுவிட்டுப் போனார். அவரிடம் ஏற்கெனவே இருந்ததில் கதிர்கள் அதிகமாம், இதில் குறைவாம். நெருப்பு மாதிரி வந்தார் அத்தான். "எம் பொண்டாட்டி கள்ளக் காசு குடுப்பாளா? நீ படிச்சவல்லா, பாத்துச் சொல்லு." எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் நெட்டில் தேடினோம். இரண்டு விதமும் நல்ல காசுதான், வெவ்வேறு சமயத்தில் அடித்தவை என்று தெரிந்தது. அவருடைய கோபம் இறங்கியது. ஆனால் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமே, அந்த ருசி இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அக்காவின் இட்லிச் சில்லறை டப்பாவோடு வந்துவிடுவார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். அதை வலது கண்ணில் வைத்துக்கொண்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து ஊர் சொல்வார். "பம்பாய்... பம்பாய்... ஹைதராபாத்து." எனக்கு அந்த லென்ஸ் ஒத்துவரவில்லை; புருவம் வலிக்கும். நான் ஆல்பம் பொறுப்பு. வருடவாரியாக, ஊர்வாரியாக உறைகளில் போடுவேன்.

சில வருடங்களின் கல்கத்தா நாணயம் எங்களுக்குக் கிடைக்காமலே இருந்தது. அதனால்தான் குவியல் ஏறியபோது அந்தச் சந்தோஷம். "நமக்கு யோகம் அடிக்கு செல்வி" என்றார் அத்தான். நானும் அப்படியே நம்பினேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தான் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் புதிதாக வந்த கல்கத்தாக்களைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினேன்.

வருடத்துக்குக் கீழே புள்ளி.

கை தவறிக் குவியல் மாறியிருக்கும் என்று அடுத்ததை எடுத்தேன். நட்சத்திரம். அதற்கடுத்தது டைமண்ட். குவியலைக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உண்மையான கல்கத்தா அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கையெழுத்துப் போட்டவை.

அக்கறை இல்லாமல் பிரித்துப் போட்டிருக்கிறாரே என்று முதலில் எரிச்சல் வந்தது. அடுத்த நிமிடமே அந்த எரிச்சல் போய்விட்டது. அவரா அக்கறை இல்லாதவர்? ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றிய பிறகு வேன் கதவை ஒரு தடவை சாத்திவிட்டு, இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர். அவருக்கு என்ன ஆயிற்று?

ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"அத்தான், இதக் கொஞ்சம் பாருங்க."

லென்ஸை வலது கண்ணில் இடுக்கினார். "கல்கத்தா."

"நல்லாப் பாருங்க."

"அதான் பாத்துட்டம்லா. வருசத்துக்குக் கீழ ஒண்ணுமில்ல, மொட்டையாக் கெடக்கு."

போனை நீட்டினேன். திரையில் புள்ளி, மிளகு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

"இது வேற காயினு" என்றார்.

"இல்லத்தான். உங்க கையில இருக்கே, அதுதான்."

லென்ஸைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி பார்த்தார். எனக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்று தெரியாது — "இடது கண்ணுல வச்சுப் பாருங்களேன்" என்றேன்.

"அந்தக் கண்ணுல நிக்காது. பழக்கமில்ல."

"கையால பிடிச்சுக்கிடுங்க."

பிடித்துக்கொண்டு பார்த்தார். நாணயத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தார்.

"இருக்கு" என்றார்.

லென்ஸை வலது கண்ணுக்கு மாற்றினார். "இல்ல."

மறுபடி இடது. "இருக்கு."

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து தெரிந்த முகம். அதில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"சுத்தி எல்லாம் தெரியுது செல்வி. நடுவுல... நான் எதப் பாக்கேனோ அது மட்டும் கரைஞ்ச மாரி இருக்கு. பொகை விழுந்த மாரி."

"எவ்வளவு நாளா அத்தான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு கண்ணையும் தொறந்தா நல்லாத் தெரியுதே!"

அவர் பொய் சொல்லவில்லை. யார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறோம்?

எனக்கு அப்போது நாணயம், ஆல்பம் எல்லாம் மறந்துபோயிருந்தது. ஒரு மஞ்சள் வேன் மட்டும்தான் கண்முன் நின்றது. அதற்குள் வாட்டர் பாட்டிலும் ஐ.டி. கார்டுமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க அத்தான். முதல்ல டாக்டரப் பாப்போம்."

"என்ன பேசுத நீ? எக்ஸாம் நேரம். திடீர்னு நின்னா பிள்ளைக எப்படிப் போகும்? ஒரு சின்னப் புள்ளி தெரியலன்னா ரோடு தெரியாதா?"

"தெரியலன்னு சொன்னது நீங்கதான. நடுவுல கரைஞ்சுபோகுதுன்னு..."

"டென்ஷன் பண்ணாத. எக்ஸாம் முடிஞ்சு லீவு விடட்டும், போய்க் காட்டுவோம்." எழுந்துவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஒங்க அக்காட்ட மூச்சு விடாத" என்றார். டப்பாவைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னளா? அவிய வந்ததும் தலவலின்னு படுத்துட்டாவ. என்னத்தத் திங்கக் குடுத்த?" என்று சிரித்தாள். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வாய் எடுத்தேன். அவள் குடும்பத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததை நான் போனில் சொல்வதா? அவரே சொல்வதுதானே முறை? ஆனால் முறை பார்த்துக்கொண்டிருந்தால் காலையில் வேன் கிளம்பிவிடுமே?

திங்கட்கிழமை காலை, ஆபீஸ் நேரத்துக்கு வெகு முன்பாகவே இறங்கினேன். அத்தான் முதல் பிள்ளையை ஏற்றுகிற கட்டடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எல்லார் முன்னாலும் சண்டை வந்தாலும் சரி, வேன் சாவியைப் பிடுங்கிவிடுவது. அதுதான் என் திட்டம். வேறு திட்டம் எதுவும் தோன்றவில்லை.

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா, இரட்டைச் சடை போட்ட மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வேன் வரவில்லை. "அங்கிள் கபி லேட் நஹீ கர்தே" என்று என்னிடம் கவலையாகச் சொன்னாள். அவர் லேட் செய்யவே மாட்டார்... வழியில் ஏதாவது ஆகிவிட்டதா?

கடைசியில் தெருமுனையில் வேன் திரும்பியது. ஓட்டிக்கொண்டு வந்தது ரஷீத் பாய். காயல்பட்டினத்துக்காரர், தாராவியில் அத்தானின் சந்திலேயே குடியிருப்பவர், அவரும் வேன் டிரைவர்தான், ஆனால் அவருடைய ட்ரிப் எல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான். பக்கத்து சீட்டில் அத்தான்.

அத்தான் இறங்கினார். என்னைப் பார்த்தார். சின்னப் பெண்ணைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார். கதவைச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, தன்னுடைய தாராவி ஹிந்தியில் சொன்னார்: ஒரு கண்ணில் பிரச்சினை இருக்கிறது, நேற்றுத்தான் தெரிந்தது, டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்ட மாட்டேன், ரஷீத் ஓட்டுவார், நான் கூடவே வருவேன்.

அந்த அம்மா நல்லபடியாகத் தலையாட்டினாள். "நீயும் ஏறு" என்றார் அத்தான் என்னிடம். ஏறிக்கொண்டேன்.

ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் அதையே சொன்னார். யாரும் கேட்காதபோதும் சொன்னார். உடம்பு சரியில்லை, ரெண்டு நாள் லீவு என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே ஒரு கட்டத்தில், இவ்வளவு விவரம் எதற்கு என்று இருந்தது.

ஒரு இடத்தில் வந்தது வினை. மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா, "கப் ஸே?" என்று கேட்டார். எப்போதிலிருந்து?

"பதா நஹீ, சாப்." தெரியாது என்றார் அத்தான்.

"பதா நஹீன்னா என்ன அர்த்தம்? இத்தனை நாள் என் பொண்ணு இந்த வண்டியிலதானே உட்கார்ந்தா? உனக்குக் கண்ணு தெரியலங்கிறது உனக்கே தெரியாதா?" — இப்படித்தான் ஹிந்தியில் கத்தினார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்தி முடிந்த பிறகு, "எனக்குப் பொண்ணு இருந்து நான் உங்க இடத்தில இருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பேன் சாப்" என்று மட்டும் சொன்னார். அந்த அப்பா மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளைகளை மாட்டுங்காவில் இறக்கிவிட்ட பிறகு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

"காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன் செல்வி. நீ சொன்னதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம்னு நெனச்சிக்கிட்டுத்தான் ஏறுனேன். கியர் போடப் போகையில, சரி, ஒரு தடவ பாத்துருவோம்னு எடது கண்ண மூடினேன். எதுக்க இந்த ரஷீத் நிக்கான், டீ குடிச்சிக்கிட்டு. சட்ட தெரியுது. கையில கிளாஸ் தெரியுது. மூஞ்சி இல்ல." நிறுத்தினார். "மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. அங்க இவனுக்குப் பதிலா ஒரு பிள்ள நின்னுருந்தா?"

"நான் என்னமோ இந்த மனுசன் காலங்காத்தால என்னைய மொறைக்காருன்னுல்லா நெனச்சேன்" என்றார் ரஷீத் பாய். சிரிக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும்தான்.

அன்றைக்கே அக்காவையும் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, படம் எடுத்தார்கள். சர்க்கரை. அது இருப்பது அத்தானுக்குத் தெரியும். ஞாபகம் வந்தால் மாத்திரை, வராவிட்டால் இல்லை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். அது கண்ணின் உள்பக்கம் போய் வீக்கம் உண்டாக்கியிருக்கிறது. வலது கண்ணில் அதிகம். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில மாதம் கழித்து வந்திருந்தால்... என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அத்தானுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நான் கேட்டேன். இதுதான் வழக்கமாக நடப்பது என்றார் டாக்டர். ஒரு கண் கெடும்போது மற்றது அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். ஆளுக்கு எதுவும் தெரியாது. மற்றதும் கெடும்போதுதான் வந்து நிற்பார்கள்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார்கள். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்ச நாளாவே டீ ஊத்துனா டம்ளருக்கு வெளிய ஊத்துவாவ. தரையெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கும். நான் சத்தம் போடுவேன். நெதானம் இல்லையான்னு வைவேன். இட்லி வெந்துட்டான்னு ஆவிய வச்சே சொல்லிருவேன்ளா நான். எம் புருசன் கண்ணு எனக்குத் தெரியலியே."

"அவருக்கே தெரியலையேக்கா" என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. முதல் ஊசி போட்டு அத்தான் உள்ளேயிருந்து கண்ணில் கட்டோடு வந்தபோது எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். அவர்கள் இருவரும் நாலு பேர் பார்க்கக் கைகோத்து நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மாதம் ஒன்றாக ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் போகிற வழியெல்லாம் பேசாமல் வருவார். திரும்புகிற வழியில் ஓயாமல் பேசுவார். பயம் அப்படித்தான் அவருக்கு வெளியே வந்தது.

இப்போது மழை ஆரம்பித்து, பள்ளிக்கூடமும் திறந்தாகிவிட்டது. இடது கண் தப்பித்தது. வலது கண் பாதிதான் திரும்பியிருக்கிறது. முகங்கள் தெரிகின்றன. ஆனால் கதவுச் சட்டம் போன்ற நேர்க்கோடுகள் நடுவில் லேசாக வளைகின்றனவாம். இதற்கு மேல் தேறுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

வேனை இனி ஓட்டுவதில்லை என்று அத்தானே முடிவு செய்துவிட்டார். "டாக்டர் ஓட்டலாம்னாலும் மத்தவங்க பிள்ளைய வச்சு ஓட்ட மாட்டேன்" என்றார். ரஷீத் பாய் ஓட்டுகிறார். அத்தான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஏற்றி, இறக்கி, கதவைச் சாத்துகிறார். வருமானம் குறைந்ததில் அக்காவுக்குக் கவலை உண்டு. இட்லியோடு வடையும் போட ஆரம்பித்திருக்கிறாள். ஸ்டியரிங்கை விட்டதில் அத்தானுக்கு வருத்தம் இல்லையா? சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாக, இல்லாத பிரேக்கை மிதிக்கிறது என்று ரஷீத் பாய் சொன்னார்.

சில பெற்றோர் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். கத்திய அப்பாவின் மகளும் இந்த வருடம் வேறு வேனில்தான் போகிறாள். கதைகளில் என்றால் அவர் மனம் மாறித் திரும்பி வந்திருப்பார். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள். இரட்டைச் சடைக்காரி அத்தான் பக்கத்து இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான் இப்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் எத்தனை விஷயம் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது! ஒருவர் தளர்ந்துபோவதை இன்னொருவர் வாய் திறக்காமல் சேர்த்துச் சுமந்துவிடுகிறார். சுமக்கிறவருக்கும் தெரிவதில்லை, தளர்ந்தவருக்கும் தெரிவதில்லை. எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று நம்பிக்கொண்டு வண்டியை ஓட்டுகிறோம். தனித்தனியாக நிறுத்திக் கேட்டால்தானே தெரியும்?

மற்றவற்றை நீங்கள் உங்கள் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் இப்போதே, இந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால்...

கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள். பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு.